அது பேரா, ஊரா?

போன தை மாதம் சித்தப்பா போன் செய்தார். ஊர் முகப்பில், தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், தாத்தா பெயரில் நினைவு வளைவு கட்டப் போகிறார்களாம். ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தாயிற்று, அளவெடுத்தாயிற்று, நான் என் பங்கைப் போட்டால் போதும். காசு ஒரு விஷயமில்லை, அன்று மாலையே அனுப்பிவிட்டேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வளைவில் பதிக்கப்போகும் கருங்கல் பலகையின் மாதிரி. 'அமரர்' என்று தொடங்கி, தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து, 'அவர்களின் நினைவாக அன்னாரது குடும்பத்தார் உபயம்' என்று முடிந்தது. படித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

தாத்தா சாகும்போது அவருக்கு 31 வயது. காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார் என்பார்கள். என் அப்பாவுக்கே அவர் முகம் நினைவில் இல்லை, வீட்டில் ஒரு போட்டோகூட கிடையாது. வேஷ்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி நடப்பார் என்று யாரோ சொன்னது மட்டும்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் போன பிறகு 26 வயதில் மூன்று பிள்ளைகளோடு நின்று, வயலைக் காப்பாற்றி, அப்பாவையும் சித்தப்பாவையும் படிக்க வைத்து, அத்தையைக் கட்டிக்கொடுத்தது அப்பத்தா. வளைவு கட்டக் காசு எங்களிடம் இருக்கிறது என்றால் அது அவள் கையால் வந்த காசு. நான் ஒரே வரிதான் பதில் போட்டேன்: 'அப்பத்தா பேர் எங்கே?' காலையில் சித்தப்பா கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. "பொம்பளைக பேரை வளைவுல போடுற வழக்கம் நம்ம பக்கம் இல்லப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து எனக்கு எங்கள் ஊர் வளைவு நினைவுக்கு வரும்போதெல்லாம் கூடவே இன்னொரு ஊரின் வளைவும் வந்து நிற்கிறது. அது சீனாவில் இருக்கிறது. ஒன்று இல்லை, ஏழு.

மஞ்சள் வயலுக்கு நடுவே

2019 மார்ச்சில் பார்த்தேன். அப்போது வேலை ஷாங்காயில். ஹாங்ஜோவிலிருந்து, பேர்போன மலை இருக்கிற ஹுவாங்ஷானுக்குப் புதிதாக அதிவேக ரயில் விட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அன்ஹுய் மாகாணம் சொந்த ஊர். "மலையை எல்லாரும் பார்ப்பார்கள், நீ எங்கள் கல் வாசல்களை வந்து பார்" என்று இழுத்துக்கொண்டு போனார். ஊர் பெயர் தாங்யுவே. ஷெஷியான் வட்டம், பழைய ஹுய்ஜோ சீமை. சுற்றிலும் கடுகுக்குப் பங்காளியான ஏதோ ஒரு எண்ணெய்ச் செடி பூத்து, கண் கூசும் மஞ்சள். அதற்கு நடுவே கல் பாவிய பாதை மெல்ல வளைந்து போகிறது, அந்த வளைவோடு வளைவாக ஏழு கல் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

பாய்ஃபாங் என்கிறார்கள். நம் ஊர் வளைவு மாதிரி மேலே அரைவட்டம் கிடையாது. நான்கு தூண், அவற்றுக்கு நடுவே மூன்று திறப்பு, நடுத் திறப்பு அகலம், மேலே குறுக்குக் கற்கள், அதில் எழுத்து, அதற்கும் மேலே உச்சியில் ஒரு சின்னப் பலகையில் அரசாணை என்பதைக் குறிக்கும் எழுத்து. கதவும் இல்லை, இரண்டு பக்கமும் சுவரும் இல்லை. வயலில் இறங்கி நடந்தால் எந்த வாசலிலும் நுழையாமலே ஊருக்குள் போய்விடலாம். மூன்று வாசல் மிங் அரச வம்சத்தின் காலத்தவை, நான்கு அதற்கடுத்து வந்த சிங் வம்சத்தின் காலத்தவை. ஏழும் பாவ் என்ற ஒரே குலத்துக்கு உரியவை. எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தாலும் ராஜ விசுவாசம், பெற்றோர் பக்தி, கற்பு, கொடை என்ற வரிசையில்தான் வரும், நடுவில் கொடை நிற்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு குலம் தன்னைப் பற்றி ஊருக்கு வெளியே கல்லில் எழுதிவைத்த பயோடேட்டா என்று தோன்றியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. மிங்குக்கும் முந்தைய சோங் அரசு சரியும் காலத்தில் கொள்ளையர் பாவ் ஜோங்யானைப் பிடித்து மரத்தில் கட்டிவிடுகிறார்கள். மகன் ஷோவ்சுன் ஓடி வந்து 'அப்பாவை விட்டுவிட்டு என்னைக் கொல்லுங்கள்' என்று காலில் விழுகிறான். அப்பாவோ 'எனக்கு வயதாகிவிட்டது, முன்னோருக்குச் சடங்கு செய்ய இவன் ஒருவன்தான் இருக்கிறான், என்னையே கொல்லுங்கள்' என்கிறார். கொள்ளையருக்கு இது என்னடா வம்பு என்று ஆகியிருக்க வேண்டும், இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். சோங் அரச வரலாற்றிலேயே பதிவான சம்பவம். அதற்கு ஒரு வாசல். தாயின் காலில் வந்த சீழ்ப்புண்ணை வாயால் உறிஞ்சிக் குணப்படுத்திய பாவ் ட்சானுக்கு ஒரு வாசல். 1646-ல் பதினான்கு வயதில் பிச்சையெடுத்துக்கொண்டே போய்க் காணாமல்போன அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தவன், பிறகு அம்மாவின் நோய்க்கு மருந்தாகத் தன் தொடைச் சதையை அறுத்தவன் பாவ் ஃபெங்ச்சாங், அவனுக்கு ஒரு வாசல்.

இந்த ஃபெங்ச்சாங் விஷயத்தில்தான் எனக்கு முதல் உறுத்தல் வந்தது. அவன் வாசல் கட்டப்பட்ட ஆண்டு 1797. மகன் செய்த தியாகத்துக்கும் கல் வைத்ததற்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு அப்போது மட்டும் ஏன் ஞாபகம் வந்தது? பதில் உப்பில் இருக்கிறது. ஹுய்ஜோ மலைச் சீமை, விளைநிலம் குறைவு. 'போன ஜென்மத்தில் புண்ணியம் செய்யவில்லை, ஹுய்ஜோவில் பிறந்தோம். பதின்மூன்று பதினான்கில் தூக்கி வெளியே எறிந்தார்கள்' என்று அங்கே ஒரு சொலவடை. பையன்கள் சிறு வயதிலேயே வியாபாரம் கற்க யாங்ஜோ, ஹாங்ஜோ என்று கிளம்பிவிடுவார்கள், வீடு பெண்கள் கையில். (காரைக்குடிப் பக்கத்துக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் பர்மாவும் பினாங்கும் ஞாபகம் வராமல் இருக்குமா?) யாங்ஜோவில் அரசு உரிமம் பெற்ற உப்பு வியாபாரிகளில் பெருந்தலைகள் இந்தச் சீமைக்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வியாபாரிகளுக்குத் தலைவராக இருந்தவர் தாங்யுவேயின் பாவ் ஜிதாவ். அவர் மகன் ஷுஃபாங் அணை செப்பனிட, பஞ்சத்துக்கு நெல் கொடுக்க, படைக்குச் சம்பளம் போட என்று அள்ளிக் கொடுத்தார். ஒரு லட்சம் மூட்டை தானியம், முப்பதாயிரம் பலம் வெள்ளி, எண்ணூறு லீ (ஒரு லீ சுமார் அரை கிலோமீட்டர்) தூரத்துக்குக் கரை என்று ஊரில் கணக்குச் சொல்கிறார்கள். விசுவாசம், பக்தி, கற்பு மூன்றுக்கும் வாசல் இருந்தது, கொடைக்குத்தான் இல்லை, அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொடுத்தார் என்றும் அதே ஊரில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஏழில் நான்கு எழுந்தது இந்தக் குலம் செழித்த தலைமுறைகளில். கையில் காசு வந்ததும் முன்னோரின் தியாகம் தேடிப் பிடிக்கப்பட்டது. எங்கள் வளைவும் சித்தப்பா மகன் துபாயில் இரண்டாவது கடை போட்ட வருஷத்தில்தான் வருகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

இரண்டு பெண்கள்

ஏழில் இரண்டு வாசல் பெண்களுக்கு. ஒன்று பாவ் வென்லிங்கின் மனைவி வாங். 25 வயதில் விதவையானாள், இருபது வருஷம் இருந்தாள், 45-ல் செத்தாள். இன்னொன்று பாவ் வென்யுவானின் இரண்டாம் தாரம் வூ. 22 வயதில் கல்யாணமாகி வந்து, 29-ல் புருஷனை இழந்து, மூத்த தாரத்தின் மகனைத் தன் மகனாக வளர்த்து ஆளாக்கி 60 வயதில் போனாள்.

கல்வெட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறது. இன்னாரின் மனைவி வாங், இன்னாரின் பின்தாரம் வூ. வாங், வூ இரண்டும் அவர்கள் பெயர் இல்லை, பிறந்த வீட்டின் குடும்பப் பெயர்.

வூவின் வாசலில் ஒரு பக்கம் நான்கு எழுத்து. கூட வந்தவர் படித்துச் சொன்னார்: கடும் குளிரிலும் வளையாத கற்பு என்கிற மாதிரி அர்த்தம். மறுபக்கம் நான்கு எழுத்து: 'ஒற்றை நூலில் தங்கிய வம்சம்.' பாராட்டு எதற்கு என்பது மறுபக்கத்தில்தான் ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது. அந்த 'கற்பு' என்ற எழுத்தை அண்ணாந்து உற்றுப் பார்க்கச் சொன்னார். எழுத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே கோட்டில் இல்லை, சற்று விலகியிருக்கிறது. பின்தாரத்துக்கு வாசல் கொடுக்கிற வழக்கம் இல்லையாம், மனம் இரங்கிக் கொடுத்தார்களாம், ஆனாலும் மூத்தாளுக்குச் சமமாக முடியாது என்பதைக் காட்ட வேண்டுமென்றே விலக்கிச் செதுக்கினார்கள் என்று அங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதை. சிற்பியின் கை தவறியதற்குப் பின்னால் ஒட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் கதையை ஒட்டியவர்களுக்கு அது பொருத்தமாகத்தானே பட்டிருக்கிறது.

அப்புறம் ரயிலில் திரும்பும்போதும் பிறகு ஷாங்காயில் உட்கார்ந்தும் தேடிப் படித்தேன். வெறும் நெகிழ்ச்சியில் நட்ட கற்கள் இல்லை இவை. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1368-லேயே விதி போட்டுவிட்டார்: முப்பது வயதுக்கு முன் விதவையாகி, ஐம்பது தாண்டியும் மறுமணம் செய்யாதவளின் வீட்டுவாசலுக்கு மரியாதை உண்டு, அந்த வீட்டாருக்கு அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழிய வேலையிலிருந்து விலக்கும் உண்டு. விலக்கு வீட்டுக்கு. இருபது வருஷம் இருந்து காட்ட வேண்டியது அவள். சிங் காலத்தில் வயதுக் கணக்கைத் தளர்த்தினார்கள், வாசல் கட்ட அரசு முப்பது பலம் வெள்ளி கொடுத்தது. இப்படி நான்கு தூண் வைத்து இழைத்துக் கட்ட அது எங்கே போதும், மீதியைக் குடும்பம் போட வேண்டும். குலத்தார் மனு எழுதி, அது வட்ட அதிகாரி, மாகாணம், தலைநகரின் சடங்கு அமைச்சகம் என்று ஏறி, பேரரசர் தலையசைத்துத் திரும்பி வர வேண்டும். இத்தனை படிக்கும் அலைய ஆள் வேண்டும், கவனிக்கக் காசு வேண்டும். ஏழை வீட்டு விதவை எவ்வளவு வளையாமல் நின்றாலும் அவளுக்குத் தனி வாசல் எங்கிருந்து வரும்?

சரி, இது எல்லாமே வீட்டார் போட்ட கணக்கு என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. அந்தச் சட்டத்தில் இன்னொரு பக்கம் உண்டு. விதவை மறுமணம் செய்தால் புருஷன் சொத்தும் போகும், அவள் கொண்டுவந்த சீரும் போகும், இரண்டும் புருஷன் வீட்டாருக்கே. மறுமணம் செய்யாமல் இருந்தால், பிள்ளை பெரியவனாகும் வரை அந்தப் பங்கு அவள் பொறுப்பில். அதனால் கொழுந்தன்மாரே அண்ணியை எங்காவது கட்டிக்கொடுத்து அனுப்பிவிடத் துடித்ததும் நடந்திருக்கிறது. இருப்பது என்பது சில பெண்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த ஒரே கயிறு. அப்பத்தா பிறந்த ஊர் கல்லல். இதை என்னிடம் அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்: "நா கல்லலுக்குத் திரும்பிப் போயிருந்தா அந்த ரெண்டு ஏக்கரு உங்கப்பனுக்கு வந்துருக்குமாக்கும்?" அவள் கற்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏக்கரைப் பற்றித்தான் பேசினாள்.

நூறு காசு

தாங்யுவேயில் பெண்களுக்கென்று தனியாக ஒரு குலமண்டபம் இருக்கிறது. ஆண்களின் மண்டபம் தெற்குப் பார்த்தது, இது வடக்குப் பார்த்தது. ஷுஃபாங்கின் சித்தப்பா பாவ் சியுன் கட்டியது. சீனாவில் பெண்களுக்குக் குலமண்டபம் என்பதே அபூர்வம், அதனால் எல்லாரும் வியக்கிறார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே சில்லென்று ஈர வாடை. அங்கே ஒரு மரத்தூணில் சாய்ந்துகொண்டுதான் நண்பர் அந்தச் சீமையில் சொல்லப்படும் ஒரு கதையைச் சொன்னார். இளம் வயதில் விதவையான ஒருத்தி, ராத்திரி தூக்கம் வராதபோது விளக்கை அணைத்துவிட்டு நூறு செப்புக்காசுகளைத் தரையில் வீசுவாளாம். பிறகு இருட்டில் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாளாம். நூறும் கைக்கு வரும்போது உடம்பு ஓய்ந்துவிடும், தூக்கம் வந்துவிடும். பல வருஷம் இப்படி. சாகும்போது அந்தக் காசுகளை எடுத்துக் காட்டினாள், தேய்ந்து தேய்ந்து எழுத்தே இல்லாமல் வழுவழுவென்று இருந்தனவாம்.

எனக்குக் காது அடைத்த மாதிரி ஆனது. ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காசுச் சத்தம் இல்லை, புளி தட்டும் சத்தம். சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால் நடுராத்திரியில் எழுந்து ஒன்றுக்குப் போவேன். தாழ்வாரத்தில் அப்பத்தா உட்கார்ந்திருப்பாள். சிம்னி விளக்கைக்கூடச் சின்னதாக இறக்கி வைத்திருப்பாள். ஒரு காலை நீட்டி, முன்னால் தட்டுக்கல், கையில் சின்னக் கட்டை. டொக், டொக். பழத்தைத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி ஒரு பக்கம் எறிவாள், சதையை இன்னொரு பக்கம் உருட்டி வைப்பாள். கொட்டை சிமெண்டுத் தரையில் தெறித்து ஓடும். அதைக் கையால் தடவித் தடவிப் பொறுக்குவாள், ஒன்றைக்கூட விடமாட்டாள். "தூங்கலையா அப்பத்தா?" என்றால் "புளி கெட்டுப்போகும்ல, நீ போய்ப் படு அப்பு" என்பாள். பகலில் இத்தனை நேரம் இருக்க ராத்திரியில் ஏன் புளி தட்ட வேண்டும் என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கிழவிக்கு உழைக்காமல் இருக்க முடியாது, அப்படி ஒரு உழைப்பாளி என்று பெருமையாகத்தான் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், ஆபீஸில் ஒருமுறை யாரிடமோ சொல்லிக்கூட இருக்கிறேன்.

அன்று ராத்திரி விடுதியில் விபிஎன் போட்டு வாட்ஸ்அப்பில் ஊருக்குக் கூப்பிட்டேன். சித்தி போனை அப்பத்தா முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்போது அவளுக்கு 89. காது மந்தம், கண் நன்றாகத் தெரியும். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவளுக்கு வயலில் என்ன போட்டிருக்கிறான் என்பதில்தான் முதலில் அக்கறை. பிறகு வூவின் வாசலைக் காட்டினேன். "இது ஒரு பொம்பளைக்காகக் கட்டுனது அப்பத்தா. சின்ன வயசுலயே புருஷன் செத்துட்டான். புள்ளையை வளத்து ஆளாக்கினா. அதுக்காக ராஜாகிட்ட உத்தரவு வாங்கிக் கட்டுனாங்க."

"எம்புட்டு நாளாச்சு?"

"இருநூறு வருசத்துக்கு மேல."

கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். "அந்தப் புள்ள பேரு என்ன?"

"வூ."

"அது பேரா, ஊரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊர் இல்லை, அவ அப்பன் வீட்டுப் பேரு, இன்ன வீட்டுப் பொண்ணுன்னு சொல்ற மாதிரி, என்று இழுத்தேன். "அப்ப அவ பேரு?" எழுதலை அப்பத்தா. அவள் ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. "கல்லல்காரிங்கற மாதிரிதான்" என்றாள். பிறகு அங்கே சோறு கிடைக்கிறதா, என்னத்தைத் தின்கிறாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். காளையார்கோயிலாள், சிறுவயல்காரி, கல்லல்காரி. புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், மாமியார் கூப்பிட மாட்டாள், பிள்ளைகளுக்கு ஆத்தா, பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா. பதினாறு வயதில் ஊருக்குள் வந்த நாளிலிருந்து 2021-ல் போகும் வரை, எங்கள் ஊரில் அப்பத்தாவை அவள் பெயர் சொல்லி ஒருவர்கூடக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரேஷன் கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

பாராட்டுக்குக் குறைச்சலே இல்லை. 'இருந்தா கல்லல்காரி மாதிரி இருக்கணும்' என்பது ஊரில் பழமொழி மாதிரி. அதே ஊரில் அவள் பெற்ற மகன் கல்யாணத்தில், என் அப்பா அம்மா கல்யாணத்தில், தாலி கட்டும்போது அவள் சமையல்கட்டில் இருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே போய்விட்டாள் என்று அத்தை சொல்வாள். என் அக்கா கல்யாணத்தில் நான் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தேன். "போடா, வேலையப் பாரு" என்று கையை உதறியவளின் பிடியில் இருந்த பலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கெட்ட உதாரணம்

மறுநாள் ஷிதி என்ற கிராமத்துக்குப் போனோம். யுனெஸ்கோ பட்டியலில் 2000-ல் சேர்ந்த ஊர். ஊர் வாசலில் ஒற்றைக் கல் வாசல், ஹு வென்குவாங் என்ற அதிகாரிக்காக 1578-ல் எழுப்பியது. பன்னிரண்டு மீட்டர் உயரம், தூண்களுக்கு முட்டுக் கொடுக்கத் தலைகீழாக இறங்கும் சிங்கங்கள், அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு அவை விளையாடுகிற மாதிரி இருக்கும். வேலைப்பாட்டில் தாங்யுவேயின் ஏழையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது அது நிற்கும் காரணம். அந்த ஊரில் முன்பு பதின்மூன்று வாசல்கள் இருந்தனவாம். மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில் பன்னிரண்டை உடைத்துவிட்டார்கள். இந்த ஒன்றை மட்டும், பழைய சமூகம் எவ்வளவு மோசம் என்று மக்களுக்குக் காட்ட ஒரு கெட்ட உதாரணம் வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். இன்று அந்தக் கெட்ட உதாரணத்தின் முன்னால் போட்டோ எடுக்க வரிசை. நுழைவுச் சீட்டு வேறு.

உடைத்த பன்னிரண்டில் பெண்களுக்கானது எத்தனை என்று நண்பரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு, ஷெஷியான் நகரத்துக்குள் ஒரு சந்தில் இன்னொன்று இருக்கிறது, ஒரு வகையில் பெண்களுக்கான கடைசி வாசல் அதுதான், பார்க்க ஒன்றுமில்லை, பார்க்கிறாயா என்றார். பார்த்தோம். நிஜமாகவே பார்க்க ஒன்றுமில்லை. கல்கூட இல்லை, செங்கல். 1905-ல் கட்டியது, சிங் ஆட்சி முடிய ஆறு வருஷம்தான் பாக்கி. இனி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகக் கட்ட காசும் இல்லை, காலமும் இல்லை என்று மொத்தமாக ஒன்றை எழுப்பி முடித்துவிட்டார்கள். ஹுய்ஜோ சீமையின் பத்தினிகள் எத்தனை பேர் என்று அதில் எண் இருக்கிறது: 65,078.

லட்சம், ஆயிரம் என்று முழுக்கணக்கு இருந்தால் கடந்து போயிருப்பேன். கடைசியில் நிற்கும் அந்த எழுபத்தெட்டு என்னை நிறுத்தியது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பதிவேடாகப் புரட்டி எண்ணியிருக்கிறார்கள். அறுபத்தையாயிரத்து எழுபத்தேழு இல்லை, எழுபத்தெட்டு. பெயரை எழுத இடம் இல்லாத இடத்தில் எண்ணிக்கை மட்டும் பிசகக்கூடாது என்று அவ்வளவு கவனம். செங்கல் வாசலை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தது, அதன் மேல் யாரோ துடைப்பத்தைக் காயப்போட்டிருந்தார்கள்.

அடைப்புக்குறி

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சீனாக்காரன் கதை நமக்கெதுக்கு என்பார், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நான் அத்தையைப் பிடித்தேன். அத்தை சித்தப்பாவைப் பிடித்தாள். அவளிடம் அவருக்குப் பயம், மூத்தவள். ஒரு வாரம் கழித்து, சரி, கடைசி வரியில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். 'அன்னாரது தர்மபத்தினி' என்று போட்டு முடித்துவிடலாமே என்றும் ஒரு யோசனை வைத்தார். எனக்கு வூ ஞாபகம் வந்துவிட்டது. "பேரோட போடுங்க சித்தப்பா" என்றேன்.

பெயர் என்ன என்பதில் அடுத்த சிக்கல். ரேஷன் கார்டில் ஒன்று, பட்டாவில் கடைசி எழுத்து வேறு, வாக்காளர் அட்டையில் பாதிப் பெயர்தான் இருக்கிறது. அத்தை சொல்வது நாலாவது. கல்லலில் அவள் தம்பி மகனைக் கேட்டோம், அவர் வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர் ஒன்றைச் சொன்னார், அது ஐந்தாவது. பட்டாவில் இருப்பதே இருக்கட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். அந்த ஏக்கருக்காகத்தானே அவள் இருந்தாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. முதலில் கல்லில் வரட்டும்.

நேற்றுச் செதுக்குகிறவர் போன் செய்தார். சிவகங்கைக்காரர், பொறுமையான ஆள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக்காசு கிடையாது என்பதை அவராகவே சொன்னார். பெயரைப் படித்துக் காட்டி ஒப்பு வாங்கிக்கொண்டார். பிறகு தயங்கினார். சித்தப்பா வந்து பலகையைப் பார்த்தாராம், கூட ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். பெயரைப் படித்த ஒருத்தருக்கும் அது யார் என்று தெரியவில்லையாம். ஊரில் இந்தப் பெயரில் யாருமே இருந்ததில்லையே என்றாராம் ஒருவர். சித்தப்பா விளக்கிச் சொன்ன பிறகு, 'அட, நம்ம கல்லல்காரியா!' என்றார்களாம்.

"அதனால பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு அதையும் சேத்துரலாமான்னு கேக்கச் சொன்னாரு சார். இல்லேன்னா படிக்கிற ஆளுக்கு யாருன்னு பிடிபடாதுல்ல."

நான் எதுவும் பேசாமல் இருந்தேன். அவர் லைனில் இருக்கிறேனா என்று இரண்டு முறை ஹலோ சொன்னார். போடுங்கள் என்றேன். ஆறு எழுத்து கூடுதலாக வரும், அடைப்புக்குறி இரண்டையும் எழுத்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றார்.